பட்டாணி வரும் பாதை

ஜனவரி 11, ஞாயிறு

காலையிலிருந்து கூரைப் பனி உருகிச் சொட்டிக்கொண்டே இருக்கிறது. போன வாரம் முழுக்க விறைத்துக் கிடந்த தெரு இன்று சேறும் சகதியுமாக இளகிவிட்டது. கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போய் வந்தேன். ஜனவரியில் இப்படி ஒரு வெதுவெதுப்பு!

நாளை பட்டாணி வருகிறாள்.

எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. நாளை மதியம், குழந்தைகள் நல அதிகாரி அம்மாவோடு, விடுதி வேனில், மலைப்பாதை வழியாக, ஆறு வயதுப் பெண் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வருகிறாள். பார்த்துவிட்டுப் போக இல்லை. இருக்க.

பள்ளியில் எழுதுகிற பெயர் வேறு. பிறந்தபோது அத்தனை சின்னதாக இருந்தாளாம், அதனால் அவள் அண்ணன் வைத்த பெயர் பட்டாணி. விடுதியில் எல்லோருக்கும் அதே பெயர்தான் வருகிறது, எனக்கும். அண்ணனுக்குப் பதிமூன்று வயது. அவன் இருப்பது பையன்கள் விடுதியில், மலைக்கு அந்தப் பக்கம் அடிவாரத்து ஊரில். "அந்த வயசுப் பையனை யாரும் கேக்க மாட்டாங்க. மாசம் ஒரு தடவை தங்கச்சியைப் பாத்துக்கட்டும்" என்று அதிகாரி அம்மா முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். நாங்களும் தலையாட்டினோம்.

சின்ன அறையில் கட்டில் போட்டாயிற்று. கிரீச் என்று சத்தம் வருகிறதா பார்க்கிறேன் என்று இவர் அதில் தொப்பென்று உட்கார்ந்து ஒரு பலகையை உடைத்தார். மதியம் முழுக்க அதற்கு வைத்தியம். "ஆறு வயசுப் பிள்ளை தூங்கற கட்டில்ல யானை ஏறினா என்ன ஆகும்?" என்றேன். "யானை ஏறியும் ரெண்டாவது பலகை நிக்குதே, அதைப் பாரு" என்கிறார்.

போன தடவை விடுதியில் பார்த்தபோது, கிளம்புகிற நேரத்தில் அவள் தன் கையை என் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். குளிருக்குத்தான் விட்டிருப்பாள். அந்தக் கோட்டை நான் இன்னும் துவைக்கவில்லை.

ஜனவரி 12, திங்கள்

ராத்திரி பெய்த மழை விடிவதற்குள் உறைந்துவிட்டது. படிக்கட்டு கண்ணாடி. மரக்கிளை கண்ணாடி. எதிர்வீட்டுத் தையல்காரர் வாசலில் வழுக்கி விழுந்து, எழுந்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பத்து மணிக்கு மேல் அந்தப் பனிக்கட்டி மீதே பொலபொலவென்று பனி.

மலைப்பாதை மூடிவிட்டார்கள்.

இவருக்கு விடியற்காலையிலேயே அழைப்பு வந்துவிட்டது. நெடுஞ்சாலைத் துறையில் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கு இன்றைக்கு விடுப்பாவது ஒன்றாவது. வாசலில் நின்று காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "அவ வர்ற ரோட்டை நானே துடைச்சு வெக்கறேன், போதுமா?" என்று சொல்லிவிட்டுப் போனார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை முட்டியது.

மதியம் அதிகாரி அம்மா போன் செய்து, "நாளைக்குப் பாக்கலாம்மா" என்றார். பிறகு அவளிடம் கொடுத்தார்.

"நீச்சல் டீச்சர்! உங்க ஊர்ல பனி எவ்ளோ இருக்கு?"

"உன் முழங்கால் வரைக்கும்."

"என் முழங்காலா, உங்க முழங்காலா?"

"உன்னோடதுதான்."

கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு நீச்சல் தெரியும். நல்லாவே தெரியும். தண்ணின்னா பயமே கிடையாது." போனில் பேசும்போதெல்லாம் இதைச் சொல்லிவிடுகிறாள். பிறகு, "அண்ணன்கிட்ட நேத்தே டாட்டா சொல்லிட்டேன். இப்ப மறுபடியும் சொல்லணுமா?"

போனை வைத்துவிட்டு, கட்டில் விரிப்பை மறுபடியும் உதறி விரித்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்

மூடுபனி. எதிர்வீடே தெரியவில்லை. வேன் கிளம்பவில்லை.

குளத்துக்கு வேலைக்குப் போனேன். நகராட்சியின் உள்ளரங்க நீச்சல் குளம், வெந்நீர் கலந்த தண்ணீர், கண்ணாடிச் சுவரெல்லாம் ஆவி. சின்னப் பிள்ளைகள் வகுப்பு என்னுடையது. தண்ணீருக்குள் இறங்கியதும் ஒவ்வொன்றும் என் கழுத்தைத்தான் கட்டிக்கொள்ளும். "கழுத்தை விடு கண்ணா, கையைப் பிடி" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன். சொல்கிறேனே தவிர, அவர்கள் உடனே விட்டுவிட்டால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வகுப்பு முடிந்தால் கரையில் துண்டை விரித்துக்கொண்டு அம்மாக்கள் நிற்பார்கள். பிள்ளைகள் ஓடிப்போய் அதற்குள் புகுந்துகொள்ளும். இத்தனை வருஷமாக நான் தண்ணீருக்குள் நின்று அதைப் பார்க்கிறேன்.

வாசலில் டிக்கெட் கொடுக்கிற அக்கா பிடித்துக்கொண்டாள். "வந்தாச்சா?"

"இல்லக்கா. ரோடு மூடிட்டாங்க."

"உன் வீட்டுக்காரரு ஊருக்கெல்லாம் பனி தள்றாரு, சொந்தப் பிள்ளைக்கு ஒரு வழி விட முடியலையா? என்ன ஆளு அவரு!"

சிரித்தேன். சொந்தப் பிள்ளை என்று சொல்லிவிட்டாள், எவ்வளவு சாதாரணமாக.

ஜனவரி 14, புதன்

இன்றைய நாளை எப்படி எழுதுவது?

காலையில் வெயில். சுள்ளென்று, கண் கூசுகிற வெயில். எட்டு மணிக்கு இவர் மலை மேலிருந்து போன் செய்தார். "ஒரு வரிசை வண்டி போற அளவுக்கு வழி போட்டாச்சு. வரச் சொல்லு." குரலில் அவ்வளவு பெருமை. அதிகாரி அம்மாவும் உடனே கிளம்பிவிட்டார். நான் வகுப்பை மாற்றிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். தரையைத் துடைத்தேன். துடைத்த தரையையே மறுபடியும் துடைத்தேன். சூப் வைத்தேன். பிள்ளைக்குக் காரம் ஆகுமோ ஆகாதோ என்று மிளகைக் குறைத்தேன், பிறகு சப்பென்று இருக்கிறதே என்று கொஞ்சம் போட்டேன்.

பதினோரு மணிக்கு அவளே போனில் வந்தாள். "பாதி வந்துட்டோம்! கீழ மேகம் தெரியுது!"

அதோடு சரி. அரை மணி நேரத்தில் வானம் சாம்பல் பூத்தது. காற்று கிளம்பியது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மலை இருந்த இடத்தில் மலையே இல்லை. வெள்ளையாக ஒரு சுவர். போனும் கிடைக்கவில்லை. இவரும் எடுக்கவில்லை. நான் வாசலில் நின்றேன், உள்ளே வந்தேன், வாசலில் நின்றேன். பாதி வழியில் இருக்கிறாளே. பாதி வழி என்றால் மலை உச்சிக்குப் பக்கத்தில். பனியில் வழுக்காமலிருக்க வேனுக்குச் சக்கரச் சங்கிலி போட்டார்களா? கையுறை போட்டிருப்பாளா?

மூன்று மணிக்குத்தான் தெரிந்தது. இவருடைய ஆட்களே வேனைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பத்திரமாக விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். பத்திரமாக இருக்கிறாள், அதுதானே முக்கியம்? அதுதான் முக்கியம். அந்தச் சூப்பை அப்படியே மூடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதிகாரி அம்மாவின் குரலே களைத்திருந்தது. "வேன் அந்தப் பையன் விடுதி வழியாத்தான் வந்தாகணும்மா. காலையில போகும்போது அவன் கேட்ல நின்னு கையாட்டினான். நிறுத்துங்கன்னு இவ ஒரே அழுகை. நேரமில்ல, பனி வந்துடும்னு நான் நிறுத்தல. திரும்பி வரும்போதும் அவன் அங்கயே நின்னுட்டிருந்தான்."

"எப்பவும் அங்கதான் நிப்பானா?"

"வேன் பத்திரமா மலை ஏறிடுச்சான்னு பாத்துட்டிருந்தானாம். அந்தப் பனியில."

இவர் இருட்டிய பிறகு வந்தார். புருவமெல்லாம் உறைபனி. சாப்பிடட்டும் என்று காத்திருந்தேன். பிறகு கேட்டேன், அவனையும் கூட்டிட்டு வந்துடலாமா என்று.

"யாரை?" தெரியாமலா கேட்கிறார்?

"அவ அண்ணனை."

தட்டைத் தள்ளி வைத்தார். "பதிமூணு வயசு. அவனுக்கு நாம வேணும்னு யாரு சொன்னா? நாளைக்கு ஏதோ ஒரு கோவத்துல 'நீங்க யாரு எனக்கு'ன்னு ஒரு வார்த்தை கேட்டான்னா, நீ தாங்குவியா?"

"கேட்டா கேட்டுட்டுப் போறான்."

"என்னால முடியாது" என்றார். பிறகு மெதுவாக, "நிஜமாவே முடியாதும்மா. ஒரு பிள்ளைக்கு மனசைத் தயார் பண்ணிட்டேன். அதுவே எனக்குப் பெருசு."

எனக்கும் பயம்தான். யாருக்குத்தான் இல்ல? ஆனா அந்தப் பையன் நின்னானே — காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் நின்னானே — அவ போறதைப் பாக்கத்தானே நின்னான்? போகக் கூடாதுன்னு நிக்கல. பத்திரமாப் போயிட்டாளான்னு நின்னான். அவளை நான் இங்க கொண்டுவந்து இந்தக் கட்டில்ல படுக்க வெச்சா, அவ யாரை நெனச்சுட்டுத் தூங்குவா?

எனக்குத் தெரியும். ஒரு ஆளை நினைத்துக்கொண்டே தூங்குவது எப்படி இருக்கும் என்று, பட்டாணிக்காகக் காத்துக் கிடக்கிற எனக்கு நன்றாகவே தெரியும்.

ஜனவரி 15, வியாழன்

பனி மேல் மழை. மலையில் இரண்டு இடத்தில் சரிவு. பாதை மூடல்.

இவர் பேசாமல் கிளம்பிப் போனார். நானும் பேசவில்லை. ஆனால் ஃப்ளாஸ்கில் டீ ஊற்றி வைத்தேன், அவரும் மறக்காமல் எடுத்துப் போனார். எங்கள் வீட்டில் சண்டை என்றால் இந்த அளவுக்குத்தான்.

சின்ன அறைப் பக்கம் போகவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

மழை நின்று, சாயங்காலம் வானம் மெல்ல வெளுத்தது. மேற்கே ஒரு கீற்று ஆரஞ்சு.

இவர் நான்கு மணிக்கே வந்துவிட்டார். இன்று சரிவை வெட்டி அந்தப் பக்கம் அடிவாரம் வரைக்கும் போயிருக்கிறார்கள். முன்னறையில் உட்கார்ந்து காலணியைக் கழற்ற ஆரம்பித்தவர், ஒன்றைக் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"கீழ போய் வண்டியைத் திருப்பற இடத்துல டீ குடிக்க இறங்கினேன். பக்கத்துலதான் அந்த விடுதி."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"ஒரு பையன் ஓடி வந்தான். ரோட்டு வண்டியைப் பாத்துட்டு. 'ரோடு திறந்தாச்சா சார்?'னான். நாளைக்குத் திறந்துடும்னேன். 'என் தங்கச்சி போகணும் சார்'னான்."

"அவனா?"

"அவனேதான். அதே மூக்கு." கழற்றிய காலணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீச்சல் டீச்சர் வீட்டுக்குப் போறாளாம். அவளுக்குத் தண்ணின்னா பயமாம். தலையில ஊத்தினாலே கத்துவாளாம். 'பயம் இல்ல, நீச்சல் தெரியும்னு சொல்லு'ன்னு இவன்தான் சொல்லிக் குடுத்திருக்கான். அப்பதான் அவங்களுக்குப் பிடிக்கும், உன்னை வெச்சுப்பாங்கன்னு."

எனக்கு நீச்சல் தெரியும், நல்லாவே தெரியும்... ஒவ்வொரு போனிலும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னாள். நான் வேறு சந்தோஷப்பட்டேனே! இங்கே வந்தால் முதல் நாளே குளத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று நினைத்தேனே. கூட்டிப் போயிருந்தால் வாயைத் திறக்காமல் இறங்கியிருப்பாள்.

"இப்ப அவனுக்கு ஒரே பயம். தெரியும்னு நம்பி அவங்க ஆழத்துல விட்டுட்டா என்ன பண்றதுன்னு. 'நீங்க அந்தப் பக்கம்தானே போறீங்க சார், அந்த டீச்சர் வீட்டைக் கண்டுபிடிச்சுச் சொல்லிடுவீங்களா? திட்டறதா இருந்தா என்னைத் திட்டச் சொல்லுங்க'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்லிடறேன்னேன்."

"நீங்க யாருன்னு சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

இரண்டாவது காலணியைக் கழற்ற வெகு நேரமாயிற்று. கயிறு ஈரத்தில் இறுகியிருந்தது. நான் உட்கார்ந்து அவிழ்த்துவிட்டேன். என் தலைக்கு மேலே அவர் குரல் கேட்டது. "அந்தச் சின்ன ரூம்ல ஜன்னல் பக்கம் இன்னொரு கட்டில் போடலாம். கதவு கொஞ்சம் இடிக்கும். கதவை வேணா மாத்திக்கலாம்."

உடனே அதிகாரி அம்மாவுக்குப் போன் செய்தேன். இரண்டு பேரையும் என்றேன்.

"அம்மா, இது சேர்த்துக்கிட்டா சேர்ந்துடற விஷயம் இல்ல. அவனுக்கு வேற குழந்தைகள் நலக் குழு, வேற விசாரணை, எல்லாம் முதல்லேர்ந்து. நாளைக்கு ரோடு திறக்குது. இவளைக் கூட்டிட்டு வர நான் தயாரா இருக்கேன். முதல்ல இவ வரட்டும், அவனை அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம்னா வருவானா?"

அவர் நேர்மையான மனுஷி. "வராம போகலாம்" என்றார். "தங்கச்சிக்கு வீடு கிடைச்சுட்டா அவனோட கேஸை அவசரமா யாரும் எடுக்க மாட்டாங்க."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே வரட்டும்."

"இதுக்கு நடுவுல வேற யாராவது வந்து பட்டாணியை மட்டும் கேட்டா? என்னால தடுக்க முடியாதும்மா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

இவரைப் பார்த்தேன். ஒற்றைக் காலுறையோடு நின்றுகொண்டிருந்தார். தலையை அசைத்தார்.

"யோசிச்சுட்டோம்" என்றேன்.

ஜனவரி 17, சனி

வாரத்திலேயே நல்ல நாள். ஒரு துளி மேகம் கிடையாது. மலை பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி தெரிகிறது. பாதை திறந்துவிட்டது. லாரிகள் வருகின்றன, பஸ் வருகிறது, காய்கறி வண்டிகூட வந்துவிட்டது. யார் யாருக்கோ யார் யாரோ வந்து இறங்குகிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. வர வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

அவளிடம் நானே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிப் பேசினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள். "நீச்சல் டீச்சர், ரோடு திறந்துடுச்சுல்ல? என்னை ஏன் கூட்டிட்டு வரல? வேணாம்னு சொல்லிட்டீங்களா?"

அழாமல் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. இந்தக் கேள்வியை ஏற்கெனவே யாரிடமோ கேட்டுப் பழகிய குரல்.

"இல்லடா கண்ணு. உன்னையும் அண்ணனையும் சேர்த்துக் கூட்டிட்டு வரணும்னு கேட்டிருக்கோம். அதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."



"அண்ணன் நிறைய சாப்பிடுவான்" என்றாள், எச்சரிக்கை மாதிரி.

"சாப்பிடட்டும்."

"காலும் நாறும்."

"இங்க இருக்கறவரு காலும் நாறும். பழகிட்டேன்."

சிரித்துவிட்டாள். பிறகு நான், தண்ணிக்குள்ள நீ இறங்கவே வேணாம், எப்பவுமே வேணாம், பயமா இருந்தா பயமாவே இருக்கலாம் என்றேன். "அண்ணன் சொல்லிட்டானா?" என்று மட்டும் கேட்டாள், மிகச் சின்னக் குரலில்.

போனை வைத்துவிட்டுச் சின்ன அறையில் போய் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக வெயில் கட்டில் மேல் விழுந்து, மெல்ல நகர்ந்து, தரைக்கு இறங்கி, போய்விட்டது. இந்த நேரத்துக்கு அவள் இங்கே இருந்திருப்பாள். இந்தக் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்திருப்பாள். நான் செய்தது சரிதானா? இன்று யாராவது கேட்டால் சரிதான் என்று சொல்வேன். ஆனால் யாரும் கேட்கவில்லை. அறை இத்தனை காலியாக இதற்கு முன் இருந்ததில்லை.

ஜனவரி 22, வியாழன்

ஒன்றும் இல்லை. பனி, பிறகு வெயில், பிறகு பனி.

பிப்ரவரி 2, திங்கள்

நகரத்திலிருந்து ஒரு தம்பதி விடுதிக்கு வந்து பட்டாணியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரிய வீடாம். அந்த அம்மாள் ஆசிரியையாம். நல்லவர்கள் என்கிறார் அதிகாரி அம்மா. நல்லவர்களாக இல்லாமல் இருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்!

இன்று குளத்தில் ஒரு பொடியன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். விடு என்று சொல்லவில்லை. கடைசிவரை அப்படியே சுமந்துகொண்டு நடந்தேன். டிக்கெட் அக்கா தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். கேலி ஒன்றும் செய்யவில்லை. அதனாலேயே என் முகம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

இவர் இரண்டாவது கட்டிலைச் செய்து முடித்துவிட்டார். "வந்தாலும் வராட்டியும் பாதியில விட முடியாதில்ல" என்கிறார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பையனின் குழு சம்மதித்துவிட்டது. இனி முடிவாக வேண்டியது பட்டாணிதான். அந்தத் தம்பதியா, நாங்களா?

அவளையே கேட்டார்களாம். 'அண்ணன் எங்க போறானோ' என்று மட்டும் சொன்னாளாம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

வந்துவிட்டார்கள். இப்போது எழுத முடியவில்லை. கை ஓடவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

நாலைந்து நாளாக வீட்டில் இரண்டு விருந்தாளிகள். அவ்வளவு மரியாதை. தட்டை வைத்தால் "தேங்க்ஸ்". கதவைத் திறந்தால் "சாரி". விசாரணைக்கு அந்தப் பக்கம் போனதெல்லாம் நான்தான், இவருக்குப் பனி வேலை. அதனால் வாசலில் இறங்கியதும் பையன் இவரைப் பார்த்துத் திகைத்து, "நீங்களா சார்?" என்றான். இவர், "சொல்றேன்னு சொன்னேன்ல, சொல்லிட்டேன்" என்றார். அதற்கு மேல் இருவரும் அதைப் பேசவில்லை. பையன் எங்களுக்கு முன்னால் எழுந்து பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிடுகிறான், வாடகைக்கு இருக்கிறவன் கணக்குத் தீர்க்கிற மாதிரி. அவள் ராத்திரியில் தன் கட்டிலை விட்டு அவன் கட்டிலுக்குப் போய்விடுகிறாள். சத்தம் போட்டால் எங்காவது திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று இருவருக்கும் சேர்த்து ஒரே பயம். இதற்கா ஏங்கினேன் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது.

இன்று காலை நான் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து ஒரு அலறல். ஓடினேன். இவரும் ஓடி வந்தார். பல்பசை மூடி தொட்டியின் ஓட்டைக்குள் போய்விட்டதாம்.

"நீதான் தட்டிவிட்ட!"

"நீ இடிச்சதாலதான் விழுந்துச்சு! எரும!"

"நீ பண்ணி!"

"வாயை மூடு பட்டாணி, ஒரு அறை விட்டேன்னா..."

வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றோம், இவரும் நானும். உள்ளே போகலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. அதற்குள் அவள் வாயெல்லாம் நுரையோடு வெளியே வந்தாள். என் இடுப்பை ஒரு கையால் பிடித்து இழுத்தாள்.

"இவனை என்னன்னு கேளுங்க!"

பின்னாலேயே அவன். "எல்லாம் பொய்! அவ சொல்றதை நம்பாதீங்க!"

ரொட்டி கருகுகிற வாசனை. இவர் தோள் குலுங்குகிறது, சிரிப்பை அடக்கத் தெரியாத மனுஷர். யாராவது ஒருவர் பெரியவராக இருந்தாக வேண்டுமே. இரண்டு பேரையும் நன்றாகத் திட்டினேன். முதல் முறையாக, குரலை உயர்த்தி.

ஒருவரும் பயந்த மாதிரி தெரியவில்லை.